மௌனம் எப்போது சம்மதமாகும்?
சல்மாவின் நாவலை முன்வைத்து ஓர் ஆய்வு

கன்னிப் பெண்ணிடம் திருமணத்திற்கு அனுமதி கேட்கப்படும்போது, நாணத்தால் அவள் பேசாதிருப்பாளாயின் அந்த மௌனத்தையே அனுமதியாகக் கொள்ளலாம் என்னும் நபிமொழிக் கருத்து நம் சமுதாயத்தில் பரவலாக அறியப்பட்ட ஒன்று. தொழுகையின் ஃபர்ளுகளை வரிசையாகச் சொல்லத் தடுமாறுவோர்கூட இதனைத் தடுமாறாமல் சொல்வர். ஆனால் அதே நபிமொழியின் முற்பகுதி, அதாவது அவளிடம் முதலில் கேட்கப்பட வேண்டும் என்பது, அந்த அளவுக்கு யார் நினைவிலும் நிற்பதில்லை. கேள்வி மறைந்துபோய் மௌனம் மட்டும் எஞ்சிநிற்கும் இந்த நிலையை நம் காலத்துத் தமிழ்ப் படைப்புகளுள் மிகக் கூர்மையாகப் பதிவு செய்தது எது என்று கேட்டால், சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ என்பதே என் விடை.

2004ஆம் ஆண்டு காலச்சுவடு பதிப்பகத்தின் வாயிலாக இந்நாவல் வெளிவந்தது. லக்ஷ்மி ஹோம்ஸ்ட்ராமின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2009இல் வந்தது. ஆசிரியர் திருச்சி மாவட்டத்துத் துவரங்குறிச்சியைச் சேர்ந்தவர். பதின்மூன்று வயதளவில் பள்ளிப் படிப்பு நிறுத்தப்பட்டு, வீட்டுக்குள்ளேயே ஆண்டுகள் பல கழித்தவர். திருமணத்திற்கு இணங்காமல் நின்று பார்த்தும் இறுதியில் இணங்க நேர்ந்தவர். மறைத்து எழுதிய கவிதைகளைப் புனைபெயரில் வெளியிட்டவர். 2001இல் பொன்னம்பட்டிப் பேரூராட்சியின் தலைவராகவும், 2025இல் மாநிலங்களவை உறுப்பினராகவும் ஆனவர். இவ்வரலாற்றை 2013இல் வெளிவந்த ஓர் ஆவணப்படம் உலகறியச் செய்தது. ஆயினும் ஒரு படைப்பை ஆசிரியரின் வாழ்க்கை வரலாறாக மட்டும் வாசிப்பது திறனாய்வு ஆகாது. நூலை நூலாகவே அணுகுவோம்.

நூல் வெளிவந்த காலத்தில் நம்மவரிடையே எழுந்த எதிர்வினை பெரும்பாலும் ஒரே தொனியில் அமைந்தது. சமுதாயத்தின் அந்தரங்கத்தை வெளியார் முன் விரித்துவிட்டார் என்பதே அதன் சாரம். படுக்கையறை பற்றிய வெளிப்படையான பேச்சு நம் வாசகர் பலருக்கு ஒவ்வாதது என்பது உண்மையே. சில இடங்களில் அது கதையின் தேவையையும் மிஞ்சுகிறது என்பதே என் கருத்தும். ஆனால் ‘இதைச் சொல்லலாமா’ என்ற கேள்வியிலேயே நின்றுவிட்டதால், ‘இது உண்மையா’, ‘உண்மையாயின் நம் நூல்கள் இதைப் பற்றி என்ன சொல்கின்றன’ என்ற கேள்விகளுக்கு நாம் செல்லவே இல்லை. ஃபிக்ஹைப் பாடமாக நடத்துவோர்க்கு இந்த இரண்டாவது கேள்வியே முதன்மையானது.

நாவலின் உலகம் ஒரு சிற்றூரின் முஸ்லிம் தெருக்கள். பள்ளி செல்லும் சிறுமி ராபியாவின் கண்கள் வழியே நாம் அதனுள் நுழைகிறோம். தோழியரோடு திரையரங்குக்குச் செல்வதும் அதற்காகத் தாயிடம் அடிபடுவதும் அவளுக்கு ஒரு விளையாட்டின் முடிவாகத் தெரியலாம். வாசகருக்கோ, ஒரு கதவு மெல்லச் சாத்தப்படும் ஓசை கேட்கிறது. அவளைவிடச் சில ஆண்டுகளே மூத்த வஹிதாவுக்கு அக்கதவு முழுவதும் சாத்தப்பட்டுவிட்டது. பருவமெய்தியது முதல் திருமணம் வரையிலான அவளது காலம் பிறர் முடிவுக்காகக் காத்திருக்கும் காலமாகவே கழிகிறது. ராபியாவின் சிற்றன்னை பிர்தவ்ஸ் வேறு வகையினள். மணமுடித்த கணவனை முதலிரவிலேயே ஏற்க மறுத்து, அவனோடு வாழ இயலாது என்று வாய்திறந்து சொல்லிவிடுகிறாள். இந்நாவலில் ‘இல்லை’ என்று தெளிவாகச் சொல்லும் பெண் அவள். அதற்கு அவள் செலுத்தும் விலையும் மிகப் பெரிது.

இம்மூவரையும் அருகருகே வைத்துப் பார்த்தால் நாவலின் கட்டமைப்பு புலனாகும். ஒருத்திக்குக் கேள்வி இன்னும் வந்து சேரவில்லை. ஒருத்தியிடம் கேள்வி கேட்கப்படவே இல்லை. மூன்றாமவளோ கேள்வி கேட்கப்படாமலே, காலம் கடந்து, தவறான இடத்தில், தவறான ஆளிடம் தன் விடையைச் சொல்கிறாள். அவள் மறுப்பைச் சொல்ல வேண்டிய இடம் நிகாஹ் மஜ்லிஸ். அவளோ அதனை மணவறையில் சொல்கிறாள். அவள் சொல் சட்டச் சொல்லாக மாறாமல் வீட்டுக் கலகமாகவே முடிந்துபோவதற்குக் காரணம் அவளது துணிவின்மை என்று சொல்ல இயலாது. அச்சொல்லுக்கு உரிய இடத்தை அவளுக்குக் காட்டிக் கொடுத்தவர் ஒருவரும் இலர்.

இனி நம் நூல்களுக்கு வருவோம். கன்சா பின்த் கிதாம் (ரளி) என்னும் அன்ஸாரிப் பெண்மணி, தந்தை தன் விருப்பத்திற்கு மாறாக மணமுடித்து வைத்ததை நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் முறையிட்டபோது, அத்திருமணம் ரத்துச் செய்யப்பட்டதாக ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். அவர் முன்னர் மணமானவர். இமாம் புகாரி (ரஹ்) அந்நூலில் அமைத்த தலைப்பொன்றோ, தந்தையாயினும் பிறராயினும் கன்னியையும் கன்னியல்லாதவளையும் அவள் சம்மதமின்றி மணமுடிக்கலாகாது என்று இருவரையும் சேர்த்தே பேசுகிறது.

இதனினும் ஆழமானது நஸாஈ, இப்னு மாஜா ஆகியோர் பதிவு செய்த இளம் பெண்ணின் செய்தி. தம் சகோதரர் மகனின் தாழ்ந்த நிலையை உயர்த்துவதற்காகத் தந்தை தன்னை அவனுக்கு மணமுடித்துவிட்டார் என்று அவள் முறையிடுகிறாள். நபிகளார் (ஸல்) முடிவை அவள் கையிலேயே ஒப்படைக்கின்றார்கள். அவளோ, தந்தை செய்ததை ஏற்றுக்கொள்வதாகவும், இவ்விஷயத்தில் தந்தையருக்கு அதிகாரமில்லை என்பதைப் பெண்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே வந்ததாகவும் கூறுகிறாள். இதன் அறிவிப்பாளர் தொடர் குறித்து ஹதீஸ் கலை வல்லுநரிடையே விவாதம் உண்டு. எனினும் கருத்தளவில் இது தனித்துவமானது. அப்பெண் மணவாழ்விலிருந்து விடுதலை கோரி வரவில்லை. அவள் தேடி வந்தது அறிவு. அதுவும் தனக்காக மட்டுமன்றித் தன் இனத்தார் அனைவருக்குமான அறிவு. எதிர்த்து நிற்கும் சிறுமியை நாணமற்றவள் என்று ஏசுவோர், அப்பெண்ணை நபிகளாரின் சபையில் எவரும் அவ்வாறு ஏசியதாக அச்செய்தியில் இல்லை என்பதைக் கருத வேண்டும்.

மௌனத்தைச் சட்ட அறிஞர்கள் எவ்வளவு நுணுக்கமாக அணுகினர் என்பதற்கு ஹனஃபீ மத்ஹபின் ‘ஹிதாயா’ சான்று. மர்கீனானீ (ரஹ்) அவர்களின் இந்நூல் நம் அரபுக் கல்லூரிகளில் ஆண்டாண்டாக ஓதப்படுவது. அனுமதி கேட்பவர் உரிய வலீயாகவோ அவரால் அனுப்பப்பட்டவராகவோ இருந்தால்தான் மௌனம் போதும். வேறொருவர் கேட்டால் அவள் வாயால் சொல்ல வேண்டும். மணமகன் இன்னார் என்று அவள் அறியும் வகையில் பெயர் சொல்லப்பட வேண்டும். சிரித்தால் அது சம்மதம். ஏளனச் சிரிப்பாயின் அன்று. அழுதால், அது ஓசையுள்ள அழுகையா ஓசையற்ற அழுகையா என்பதுவரை அங்கே ஆராயப்படுகிறது. ஒரு பெண்ணின் உள்ளத்தை அறிய அவளது அழுகையின் ஓசையைக்கூட எடைபோட்ட மரபு நம்முடையது. அம்மரபின் வாரிசுகளாகிய நாமோ, பல இல்லங்களில் அறைக்கதவுக்கு வெளியே நின்று, ‘பொண்ணு சம்மதம்தான்’ என்று யாரோ சொன்ன சொல்லைக் கேட்டே தஃப்தரில் பதிந்துவிடுகிறோம்.

ஷாஃபிஈ மத்ஹபின் நிலை சற்று வேறானது. கன்னியாகிய மகளை, அவள் பருவமடைந்தவளாயினும், அவள் அனுமதியின்றியே மணமுடிக்கும் அதிகாரத்தைத் தந்தைக்கும் பாட்டனுக்கும் அது அளிக்கிறது. இதுவே ‘இஜ்பார்’ எனப்படும். நம் கடலோர ஊர்களில் இம்மத்ஹபைப் பின்பற்றுவோர் மிகுதி. உள்நாட்டில் ஹனஃபீகள் மிகுதி. திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை வட்டாரத்தில் இரு சாராரும் கலந்தே வாழ்கின்றனர். இஜ்பாரைப் பேசுவோர் அதன் நிபந்தனைகளைப் பேசுவதில்லை. தந்தைக்கும் மகளுக்கும் இடையே வெளிப்படையான பகைமை இருத்தலாகாது. மணமகன் அவளுக்கு நிகரானவனாக இருக்க வேண்டும். இவற்றுக்கும் மேலாக, இமாம் ஷாஃபிஈயும் (ரஹ்) அவர் வழிவந்த அறிஞரும் மகள் பருவமடைந்து அவளிடம் அனுமதி கேட்கும்வரை மணமுடிக்காதிருப்பதையே விரும்பத்தக்கதாகக் கொண்டனர் என்றும், அவள் வெறுக்கும் நிலையில் கணவனின் சிறையில் அவளைத் தள்ளிவிடக் கூடாது என்பதே அதற்குக் காரணம் என்றும் இமாம் நவவீ (ரஹ்) ஸஹீஹ் முஸ்லிம் விரிவுரையில் விளக்குகிறார். சிறை என்னும் இச்சொல் இக்காலத்துப் பெண்ணியர் எவரும் நமக்குக் கடன் தந்ததன்று. ஏழு நூற்றாண்டுகளுக்கு முற்பட்ட ஒரு முஹத்திஸ் நமக்கு விட்டுச் சென்ற சொல் அது.

சிறுமியரின் திருமணம் குறித்துப் பெரும்பாலான முற்கால அறிஞர் வலீக்கு அதிகாரம் உண்டு என்றே கூறினர். இதனை மறைப்பது நேர்மையாகாது. ஆயினும் அது ஒருமித்த குரலாக இருக்கவில்லை. கூஃபாவின் காழீயாகிய இப்னு ஷுப்ருமா (ரஹ்), சிறுமி பருவமடைந்து இசைவு தரும்வரை தந்தைகூட அவளை மணமுடிக்கலாகாது என்றார். அன்னை ஆயிஷா (ரளி) அவர்களின் திருமணத்தை நபிகளாருக்கே உரிய தனிச்சட்டமாக அவர் கருதியதாக இப்னு ஹஸ்ம் (ரஹ்) எடுத்துரைக்கிறார். பருவமடைந்த கன்னியைக் கட்டாயப்படுத்தலாகாது என்பதில் இப்னு தைமிய்யாவும் அவர் மாணவர் இப்னுல் கைய்யிமும் (ரஹ்) உறுதியாக நின்றனர். 1917இல் உஸ்மானியப் பேரரசு குடும்பச் சட்டத்தைத் தொகுத்தபோது சிறார் திருமணத்தைத் தடுப்பதற்கு இப்னு ஷுப்ருமாவின் கருத்தையே ஆதாரமாகக் கொண்டது. எகிப்து 1923இல் பெண்ணுக்கு 16, ஆணுக்கு 18 என வயதெல்லை வகுத்தது. ஆகவே வயதெல்லை என்பது மேற்கிலிருந்து இறக்குமதியான பொருள் என்னும் வாதம் வரலாற்றுக்கு முன் நில்லாது.

இவ்விடத்தில் ‘ஹிதாயா’வின் இன்னொரு பகுதியை நோக்குவோம். தந்தையும் பாட்டனும் அல்லாத வலீ சிறுமியை மணமுடித்து வைத்தால், பருவமடைந்ததும் அத்திருமணத்தை நிராகரிக்கும் உரிமை அவளுக்கு உண்டு. இதுவே ‘கியாருல் புலூக்’. ஆனால் பருவமடைந்த கணத்தில், தனக்குத் திருமணமானதை அறிந்திருந்தும் கன்னியாகிய அவள் பேசாதிருந்தால் உரிமை போய்விடும். அப்படியோர் உரிமை இருப்பதே தனக்குத் தெரியாது என்று அவள் சொன்னால் ஏற்கப்படாது. ஏன்? சுதந்திரமான பெண்ணுக்கு ஷரீஅத்தின் சட்டங்களைக் கற்க ஓய்வு உண்டு. அவள் வாழும் நாடோ கல்வியின் நாடு. ஆகவே அறியாமை அவளுக்குச் சாக்காகாது. மாறாக, விடுதலை பெற்ற அடிமைப் பெண் தன் உரிமையை அறியாதிருந்தால் அவளது அறியாமை ஏற்கப்படும். எசமானின் பணியில் மூழ்கியிருந்த அவளுக்குக் கற்க ஓய்வேது?

மாணவர்க்கு இப்பகுதியை விளக்கும்போதெல்லாம் என் மனம் இக்காரணத்திலேயே தங்கிவிடுகிறது. சட்டம் ஒரு காரணத்தின்மீது நிற்கிறது. காரணம் விலகினால் சட்டமும் நிலைமாறும் என்பது உஸூல் கற்ற எவரும் அறிந்ததே. பருவமடைந்த அன்றே பள்ளிப் பையைப் பறித்துக்கொண்டு, சன்னலையும் சாத்திவிட்டு, ‘இவள் கல்வியின் நாட்டில் வாழ்ந்தவள், இவளுக்கு அறியாமை சாக்காகாது’ என்று கூற நமக்கு என்ன தகுதி உண்டு? ஃபிக்ஹின் தர்க்கப்படியே பார்த்தால், வஹிதாவும் ராபியாவும் சுதந்திரப் பெண்ணின் இடத்தில் நிற்கவில்லை. அடிமைப் பெண்ணின் இடத்திலேயே நிற்கின்றனர். எனவே அவர்களின் மௌனம் அறிந்தவளின் மௌனம் ஆகாது. அறிந்து பேசாதிருப்பது மௌனம். அறியவிடாமல் பேசாதிருக்கச் செய்வது வாய்ப்பூட்டு. நபிமொழி முன்னதைத்தான் சம்மதம் என்றது.

சல்மாவின் நாவல் இவ்வேறுபாட்டை வாதமாகச் சொல்லாமல் வாழ்வாகக் காட்டுகிறது என்பதே அதன் வெற்றி. அதன் குறையும் இங்கேதான் உள்ளது. அந்நாவலில் மார்க்கம் பெண்களைத் தடையாகவே வந்தடைகிறது. திரைப்படத்திற்குப் போகாதே, வெளியே நில்லாதே என்னும் குரலாகவே அது ஒலிக்கிறது. அதே மார்க்கத்தின் ஏடுகளில் அவர்களுக்கென எழுதப்பட்ட உரிமை ஓர் ஓரத்திலேனும் ஒளிர்ந்திருந்தால், அவர்களின் துயரம் இன்னும் கூர்மை பெற்றிருக்கும். வீட்டு அலமாரியிலேயே திறவுகோல் இருந்தும் பூட்டிய அறையில் மடிவோரின் அவலம் அது. அவ்வுரிமையை நாவலாசிரியர் காட்டவில்லை என்பது குறையாயின், அது அவர் கண்ணில் படும்படி அவ்வூரின் ஆலிம்கள் எவரும் பேசவில்லை என்பது அதனினும் பெரிய குறை. அது நம் தரப்பின் குறை.

இத்தகைய கதவுகளுக்குப் பின்னிருந்து எழுத்து பிறப்பது நம் வட்டாரத்துக்குப் புதிதன்று. நாகூரில் 1917இல் பிறந்த சித்தி ஜுனைதா பேகம் மூன்றாம் வகுப்பு வரையே பயின்றார். பன்னிரண்டு வயதில் மணமுடிக்கப்பட்டு, இளமையிலேயே கணவரை இழந்தார். அவரே 1938இல் ‘காதலா? கடமையா?’ என்னும் நாவலை வெளியிட்டு, உ.வே. சாமிநாதையரின் பாராட்டையும் பெற்றார். அவர் மணமான காலமும் சாரதா சட்டத்தின் காலமும் ஒன்றே. 1929இல் இயற்றப்பட்டு 1930 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த அச்சட்டம் பெண்ணின் வயதெல்லையை 14 ஆக்கியது. அந்நாள் வருவதற்குள் மகளுக்கு மணமுடித்துவிட வேண்டும் என்று நாடெங்கும் எல்லாச் சமயத்தாரும் விரைந்தனர். உலமாக்கள் பலர் சட்டத்தை எதிர்த்தனர். சட்டசபையில் முஹம்மது அலீ ஜின்னா ஆதரித்தார். ஜுனைதா பேகத்தின் சாதனையைப் போற்றும் நாம், மூன்றாம் வகுப்போடு நிறுத்தப்படாதிருந்தால் அவர் இன்னும் எவ்வளவு எழுதியிருப்பார் என்று கேட்பதில்லை. எழுதாமலே போன மற்றவர்களைப் பற்றியோ கேட்கவும் வழியில்லை.

இஃது ஒரு சமயத்தாரின் நோயன்று. பதினோரு வயதில் மணமுடிக்கப்பட்ட ருக்மாபாய், கணவனோடு வாழ மறுத்து 1880களில் பம்பாய் நீதிமன்றத்தில் நின்றார். கணவனிடம் போ, இன்றேல் ஆறு மாதச் சிறை என 1887இல் தீர்ப்பானபோது சிறையே மேல் என்றார். பின்னர் மருத்துவரானார். 2008இல் ஏமன் தலைநகர் ஸன்ஆவில் பத்து வயதுச் சிறுமி நுஜூத் தனியே நீதிமன்றம் சென்று மணவிலக்குக் கேட்டுப் பெற்றாள். முன்னவர் படித்தவர், பின்னவள் ஏழை வீட்டுக் குழந்தை. எங்கே போய்ச் சொல்ல வேண்டும் என்பதை அறிந்துகொண்டது இருவருக்கும் பொதுவானது. பிர்தவ்ஸுக்கு வாய்க்காமற் போனது அந்த ஒன்றே.

நம் நாட்டுச் சட்டம் இன்று கூறுவதென்ன? மணவிலக்குக்கு வழியின்றித் தவித்த பெண்களுக்காக மௌலானா அஷ்ரஃப் அலீ தானவீ (ரஹ்) 1930களின் தொடக்கத்தில் மேற்கொண்ட ஃபத்வா முயற்சியின் தொடர்ச்சியாக, 1939இல் முஸ்லிம் திருமணக் கலைப்புச் சட்டம் வந்தது. பதினைந்து வயதுக்குமுன் தந்தையே மணமுடித்திருந்தாலும், இல்லறம் நிகழாத நிலையில், பதினெட்டு வயதுக்குள் பெண் அதனை நிராகரிக்கலாம் என்று அது கியாருல் புலூக்கை விரிவாக்கியது. பெண்ணின் வயதெல்லை 1978இல் 18 ஆயிற்று. 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம், மைனராக மணமுடிக்கப்பட்டவர் மேஜராகி இரண்டாண்டுகள் வரை அத்திருமணத்தை ரத்துச் செய்யக் கோரலாம் என்கிறது. இச்சட்டம் முஸ்லிம்களையும் கட்டுப்படுத்தும் என மதுரை உயர்நீதிமன்றக் கிளை 2015இல் கூறியது. தனியார் சட்டத்துக்கும் இதற்கும் உள்ள உறவைப் பற்றிய கேள்வியை உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில் வழங்கிய விரிவான தீர்ப்பில் முடிவு செய்யாமல் விட்டுவைத்தது. வெளியிலிருந்து சட்டம் வந்து நம்மைத் திருத்த வேண்டும் என்று காத்திருப்பதும், வந்தபின் உரிமை பறிபோனது என்று புலம்புவதும் அறிவுடைய சமுதாயத்துக்கு அழகல்ல.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 20 முதல் 24 வயதுப் பெண்களுள் பதினெட்டுக்குமுன் மணமானோர் இந்திய அளவில் 23.3 விழுக்காடு, தமிழகத்தில் 12.8 விழுக்காடு. ஏறத்தாழ எட்டில் ஒருவர். டெல்டாவில் அதன் காரணங்களைத் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. ‘வீட்டில் குமர் இருக்கிறது’ என்னும் பெருமூச்சு, சபுரிலிருந்து இரண்டு மாத விடுப்பில் வரும் மாப்பிள்ளைக்காக அவசரமாகக் குறிக்கப்படும் தேதி, வயது ஏற ஏறக் கூடும் என்று அஞ்சப்படும் கைக்கூலி, மழை பொய்த்தோ மிகுந்தோ அழியும் நெல், இவை எல்லாம் சேர்ந்தே சிறுமியின் வாயை அடைக்கின்றன. ‘கரையேற்றுதல்’ என்கிறோம். எந்த வெள்ளத்திலிருந்து கரையேற்றுகிறோம் என்று அவளைக் கேட்பதில்லை. நம் காவிரிக்கரை மூவலூரைச் சேர்ந்த இராமாமிர்தம் அம்மையாரின் பெயரிலான திருமண உதவித் திட்டம் 2022இல் பெண்களின் உயர்கல்வி உதவித் திட்டமாக மாற்றப்பட்டது. உதவி தாலிக்கு என்றிருந்தது கல்லூரிக்கு என்றானது. அரசு கண்டுகொண்ட இவ்வுண்மையை ‘இக்ரஃ’ என்னும் கட்டளையோடு தொடங்கிய சமுதாயம் முன்பே கண்டிருக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை பெரியவை அல்ல. நிஸ்வான் மதரஸாக்களில் தூய்மையின் சட்டங்களையும் கணவனுக்குரிய கடமைகளையும் கற்பிக்கும் அதே ஆர்வத்தோடு, அனுமதி, இஜ்பாரின் நிபந்தனைகள், கியாருல் புலூக், குல்உ ஆகிய பகுதிகளையும் பெண் குழந்தைகளுக்கு ஓதிக் கொடுக்க வேண்டும். நிகாஹ் தஃப்தரில் கையொப்பம் வாங்கச் செல்வோர் மணமகளின் வயதுச் சான்றை முதலில் பார்க்க வேண்டும். மணமகன் பெயரைச் சொல்லி, உறவினர் நெருக்கமின்றி, அவள் தயங்காமல் மறுக்கக்கூடிய சூழலில் கேட்க வேண்டும். கேட்டும் அவள் அழுதால், ‘ஹிதாயா’ ஆராய்ந்ததுபோல் அந்த அழுகையை ஆராய வேண்டும். மறுப்பவளுக்கு ஜமாஅத்தின் கதவு திறந்திருக்க வேண்டும். அது திறக்காவிட்டால், 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணை அவள் அறிந்திருக்க வேண்டும். அவள் அங்கு முறையிடுவதைச் சமுதாய துரோகமாகக் கருதுவோர், மதீனாவில் முறையிட்ட அந்த இளம் பெண்ணை என்னவென்று அழைப்பர்?

நாவல் ஃபத்வா ஆகாது. ஆனால் ஃபத்வா வழங்குவோர் கேட்க மறந்த குரலை நாவல் கேட்க வைக்கலாம். ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’யைப் பழித்து ஒதுக்கியவர்கள் மீண்டும் ஒருமுறை அதனை வாசிக்கட்டும், வாசித்த கையோடு கிதாபுன் நிகாஹையும் திறக்கட்டும். ஒன்றில் உள்ள கேள்விக்கு மற்றொன்றில் விடை உண்டு. அந்த விடை உரியவளின் காதில் விழுந்த பின்னரும் அவள் பேசாதிருப்பாளாயின், அப்போது அவளது மௌனத்தைச் சம்மதம் என்று நாம் எழுதிக்கொள்ளலாம்.